ஸ்வெட்டர் போடும் வளைவு

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். அது வெளியூர்க்காரர்களுக்கு. மலைமேல் குடியிருக்கும் எங்களுக்கு வளைவுகள் வேறு விதமாக அடையாளம். குழந்தைகள் வாந்தியெடுக்கும் வளைவு, காது அடைக்கும் வளைவு, குரங்குகள் பையைப் பிடுங்கும் வளைவு என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருப்போம். எனக்கென்று தனியாக ஒரு வளைவு உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை. மனதுக்குள் அதற்கு ஸ்வெட்டர் போடும் வளைவு என்று பெயர்.

என் மனைவி சேலத்துப் பெண். கல்யாணமான புதிதில், தை மாதத்து மாலையில், அவளை முதல்முறையாக மேலே கூட்டிவந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு இடத்தை விட்டுத்தர மாட்டேன் என்றாள். பாதி மலை வரைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவள், அந்த வளைவு திரும்பியதும் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாள். அங்கேதான் மலைக்காற்று முதன்முதலில் முகத்தில் அடிக்கும். அவளுக்குப் பல் தந்தியடித்தது. குளிருகிறது என்று சொன்னால் கௌரவக் குறைச்சல் போல உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அவள் மடியில் வைத்தேன். எடுத்துப் போட்டுக்கொண்டாள். அது முழங்கால் வரைக்கும் தொங்கியது. பின் சீட்டில் ஒருவன் சிரித்தான். திரும்பி ஒரு முறை முறைத்தேன்.

அன்றிலிருந்து இவளுக்கு அது வழக்கமாகிப் போனது. சேலம் போய்விட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த வளைவில் கை தானாகப் பைக்குள் போகும், ஸ்வெட்டர் வெளியே வரும். சித்திரை வெயிலானாலும் சரி, கோயில் விசேஷத்துக்குப் பட்டுச்சேலை கட்டிப் போய் வந்தாலும் சரி. பக்கத்து சீட்டுப் பெண்ணோடு மருமகள் கதை பேசிக்கொண்டே போடுவாள். என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருபவள் சரியாக அந்த இடத்தில் கண் விழித்துப் போட்டுக்கொள்வாள். "ஊடு வந்திருச்சு" என்று முணுமுணுப்பாள். வீடு வர இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கும். ஏற்காட்டையும் தாண்டி, கொட்டச்சேடு பக்கம் எங்கள் வீடு.

நான் அதை ஒவ்வொரு முறையும் பார்ப்பேன். பார்க்கிறேன் என்று காட்டிக்கொள்ள மாட்டேன். ரோட்டைப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பேன். ஒரு காபி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆட்களை வேலை வாங்கியே குரல் கரகரத்துப் போனது. எனக்குக் கோபம் முன்னால் வரும், நான் பின்னால் வருவேன். அப்படிப்பட்ட ஆள் பெண்டாட்டி ஸ்வெட்டர் போடுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறான் என்று தெரிந்தால் என்ன மரியாதை மிஞ்சும்?

எங்கள் மலைக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எல்லா நோயும் கீழே இருந்துதான் வருகிறது. தலைவலி என்றால், "கீழ போய்ட்டு வந்தீங்களா?" என்று கேட்போம். காய்ச்சல் என்றால் சேலத்துத் தண்ணி. மூச்சு வாங்கினால் சேலத்துக் காத்து. வைத்தியமும் ஒன்றே ஒன்றுதான்: மேலே வந்துவிட வேண்டும். குளிர்ந்த காற்று நாலு இழுப்பு இழுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சேலத்தில் பிறந்து வளர்ந்த என் மனைவிதான் இதில் எல்லோரையும் மிஞ்சியவள். தன் அண்ணன் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினாலும், "மனுசன் இருப்பானுங்களா அந்தச் சூட்டுல?" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

போன மாசி மாதம் எங்கள் சின்னத் தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்தோம். காபிச் செடிகளுக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏற்றியிருக்கிறோம். மேல் கொடிக்கு ஏணி போட்டு ஆட்கள் ஏறுவார்கள். கீழ்க் கொடியை நானே பறிக்கிறேன் என்று இவள் நிற்பாள். வேண்டாம் என்றால் கேட்கிற பழக்கம் கிடையாது. அன்று மத்தியானம் முதுகு வலிக்கிறது என்றாள். தோள்பட்டைக்கு நடுவில், யாரோ முழங்கையை வைத்து அழுத்துவதுபோல இருக்கிறதாம். வாந்தி வருகிற மாதிரியும் இருக்கிறதாம். நாள் முழுக்கக் கையைத் தூக்கிப் பறித்தால் முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? சுக்குக் காபி போட்டுக் குடித்தாள். தைலம் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது, "கை என்னுங்க இது, மம்பட்டியாட்டம்?" என்று கேலி வேறு.

மறுநாள் காலை விளக்குமாற்றை எடுத்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. நான் பாய்க்கு போன் போட்டேன்.

பாய் ஏற்காடு பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். சரக்குக்கும் ஆளுக்குமாக ஒரு வேன் வைத்திருக்கிறார். எங்களோடு பழகிப் பழகி அவருக்கு என் மனைவி அக்கா ஆகிவிட்டாள். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பருப்பு மூட்டைகளைக்கூட இறக்காமல் வந்து நின்றார். ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் மார்பில் ஒயர் வைத்துப் பார்த்தவர்கள் அடுத்த நிமிஷமே ஆம்புலன்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்று வந்தது முதுகுவலி இல்லை, மாரடைப்பு.

சேலத்தில் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுத்து, அந்த இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இதய டாக்டர் என்னைவிட ரொம்பச் சின்னவர். மெதுவாகப் பேசுவார். "ஒரு நாள் தள்ளி வந்திருக்கீங்க ஐயா. அதுக்குள்ள கொஞ்சம் தசை செத்துப் போயிருக்கு. மீதித் தசை நல்லா வேலை செய்யுது. பார்த்துக்கலாம்" என்றார்.

இவள் தேறிவிட்டாள் என்பது, குறை சொல்ல ஆரம்பித்ததும் எனக்குத் தெரிந்துபோயிற்று. இட்லி கல்லாம். சாம்பாரில் உப்பே இல்லையாம். ஏசி குளிர் பொய்க் குளிராம். "நெசக் குளிருன்னா ஒரு மணம் இருக்கோணுமுங்க. இதுல பினாயில் மணம்தான் வருது" என்றாள். ஓசூரிலிருந்து ஓடி வந்த மகள் அம்மாவின் வாய் நன்றாக வேலை செய்வதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிப் போனாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாள் காலையிலும் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. உப்பைக் குறைக்க வேண்டும், பாரம் தூக்கக் கூடாது, மேடு ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். மாத்திரைகள் வாங்கி, பாய் வேனைக் கொண்டுவந்து நிறுத்த மத்தியானம் ஆகிவிட்டது. வாசலுக்கு நடந்து வந்தவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது.

"என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. வெளிய வந்ததும் இந்தச் சேலத்துக் காத்து மூஞ்சீல அடிக்குது. மூச்சே உட முடியல."

உள்ளே திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்தடிதான். கீழ் ஊர்க்காரனாக இருந்தால் போயிருப்பான். நாங்கள் மூன்று பேரும் மலைக்காரர்கள். மாசி வெயில் தகதகவென்று அடிக்கிறது, ஏசியிலிருந்து வெளியே வந்திருக்கிறாள், மூச்சு முட்டாமல் என்ன செய்யும்? "அடிவாரம் தாண்டட்டும்" என்றேன் நான். "மேல போனாச் செரியாயிருமுங்க அக்கா" என்றார் பாய். "அதான் நானுஞ் சொல்றேன்" என்றாள் அவள். இப்படி ஒருமனதாக நாங்கள் மூவரும் ஒத்துப்போன சந்தர்ப்பம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

வேன் அடிவாரத்தைத் தாண்டி ஏற ஆரம்பித்தது. எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன். நடு சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் சாய்ந்திருக்க முடியவில்லை என்று முன்னால் குனிந்து, முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை வேறு. பெங்களூர், சென்னை கார்கள் எல்லாம் மேலே போய்க் குளிரைப் பார்த்தே தீருவது என்று வரிசை கட்டி நின்றன. ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று போனோம். இதோ காற்று மாறப்போகிறது, இதோ மாறப்போகிறது என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அந்த வளைவு வந்தது. காற்று முகத்தில் அடித்தது. பாய் பழக்க தோஷத்தில் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார். நான் ரோட்டைப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன்.

பை அவள் மடியில்தான் இருந்தது. ஸ்வெட்டர் மேலாகவே இருந்தது, மகள் வாங்கிக் கொடுத்த அரக்குக் கலர் ஸ்வெட்டர். கை அசையவில்லை.

தூங்கிவிட்டாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. மேலுதட்டில் வியர்வை பொடிப்பொடியாக நின்றது. அந்தக் காற்றில் வேர்க்கிறது! கையைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. குளிர் வந்துவிட்டது. எங்கள் வைத்தியம் வந்துவிட்டது. மூச்சு மட்டும் கொஞ்சம்கூட அடங்கவில்லை. அப்படியென்றால் இது சேலத்துக் காற்று இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த வளைவில் அவள் ஸ்வெட்டர் போடாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

"பாய், வண்டியத் திருப்புங்க."

"ஏனுங்க? எதாச்சும் மறந்துட்டீங்களா?"

"திருப்புங்கன்னா திருப்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

மலைப்பாதையில் வேனைத் திருப்புவது சாமானிய வேலை இல்லை. அதிலும் சனிக்கிழமை. நான் இறங்கி நடு ரோட்டில் நின்று இரண்டு பக்கமும் கையைக் காட்டினேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் காரிலிருந்து தலையை நீட்டி, விடாமல் ஹாரன் அடித்தான். அவனை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எஸ்டேட்டில் சேர்த்துவைத்த குரல் அத்தனையும் அன்றைக்குப் பயன்பட்டது. இவள் வேனுக்குள் இருந்தபடியே மூச்சுக்கு நடுவில், "அவங்ககிட்ட ஏனுங்க சண்டைக்குப் போறீங்க?" என்றாள்.

வேன் கீழ்ப்பக்கம் பார்த்துத் திரும்பியதும் என் கையைப் பிடித்தாள். "ஊட்டுக்குப் போலாமுங்க" என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். இவள் என்னிடம் கெஞ்சிக் கேட்டவை ரொம்பக் குறைவு. சண்டை போட்டு வாங்குவாள், கேட்காமலே செய்துகொள்வாள். இப்படிக் கேட்டு, முடியாது என்று நான் சொன்னது என் வாழ்க்கையிலேயே கஷ்டமான காரியம். அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு மலை இறங்கினேன்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர்தான் இருந்தார். காதில் மாட்டியதை அவள் நெஞ்சில் வைத்தார். கொஞ்சம் நகர்த்தி வைத்தார். மறுபடி நகர்த்தினார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "காலையில இந்தச் சத்தம் இல்லையே" என்றார், எனக்கில்லை, தனக்குத்தானே. ஸ்கேன் செய்தார்கள். திரையில் சிவப்பும் நீலமுமாக ஏதோ பீறிட்டது.

பிறகு என்னையும் பாயையும் உட்காரவைத்து விளக்கினார். இதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவில் தசையால் ஆன சுவர் இருக்கிறது. மாரடைப்பில் அந்தச் சுவரில் ஒரு பகுதி செத்துவிட்டது. செத்த தசை சில நாளில் இளகிப்போகும். இவளுக்கு அது கிழிந்துவிட்டது. உடம்புக்குப் போக வேண்டிய ரத்தம் அந்த ஓட்டை வழியாகப் பக்கத்து அறைக்குப் போய், திரும்பவும் நுரையீரலுக்கே போகிறது. அதனால்தான் மூச்சுத் திணறல். எல்லோருக்கும் வருவதில்லை, அபூர்வமாகத்தான் வரும் என்றார். "இதை மெக்கானிக்கல் காம்ப்ளிகேஷன்னு சொல்வோம்."

பாய் முகத்தில் வெளிச்சம் வந்தது. "மெக்கானிக்கலுங்களா? அப்பச் செரி பண்ணிரலாமுங்க. எலக்ட்ரிக்கல்தான் நொம்ப தொல்லை. எங்க வேன்லயும் அப்படித்தான்" என்றார். அந்த நிலைமையிலும் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் பாய் மேல் கோபம் வந்தது. அடுத்த நிமிஷமே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆபரேஷன் செய்து அந்த ஓட்டையில் ஒட்டுப் போட வேண்டும். ஒட்டு என்றால் தையல்தான். உடனே செய்ய முடியாது என்றார் டாக்டர். ஓட்டையின் ஓரம் இப்போது இளகிக் கிடக்கிறது, ஊசி குத்தினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். சில நாள் போனால் ஓரம் கொஞ்சம் இறுகும். அதுவரை இதயம் தாங்க வேண்டும். தாங்குவதற்காகத் தொடை வழியாக ஒரு பலூனை உள்ளே விட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் அது விரிந்து சுருங்கி உதவி செய்கிற மாதிரி வைப்பார்கள். காத்திருப்பதும் ஆபத்து, காத்திருக்காமல் இருப்பதும் ஆபத்து. பிழைப்பாளா என்று நேராகக் கேட்டேன். "சொல்ல முடியலை ஐயா. முயற்சி பண்றோம்" என்று அவரும் நேராகவே சொன்னார்.

கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். "பாதி மலை ஏறிட்டுத் திரும்பி வந்திருக்கீங்க. மேலே போய்ப் படுக்கவச்சிருந்தா…" என்று நிறுத்திவிட்டு, "எதைப் பார்த்துத் திரும்பினீங்க?" என்று கேட்டார். எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பாய் வெளியே போகும்வரை இருந்து, ஸ்வெட்டர் விஷயத்தைச் சொன்னேன். முதல் நாளிலிருந்து சொன்னேன். டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவகிட்டச் சொல்லீறாதீங்க" என்றேன். தலையாட்டினார்.

காலையும் மாலையும் கொஞ்ச நேரம் உள்ளே விடுவார்கள். உடம்பெல்லாம் குழாயும் ஒயருமாகப் படுத்திருப்பாள். பலூன் மிஷின் பக்கத்தில் டப் டப் என்று அடித்துக்கொண்டிருக்கும். நான் போனதும் உத்தரவுகள் ஆரம்பமாகும். பறித்த மிளகைத் தார்ப்பாயில் பரப்பிக் காயப்போட வேண்டும், சாயங்காலம் பனி இறங்குவதற்குள் எடுத்து உள்ளே வைக்க வேண்டும். நாய்க்குப் பால் சோறு வைக்கச் சொல்ல வேண்டும், வெறும் பால் வைத்தால் குடிக்காது. நான் தாடியை எடுக்க வேண்டும், பார்க்கச் சகிக்கவில்லை. பேசப் பேச மூச்சு வாங்கும். பேசாதே என்று நர்ஸ் அதட்டுவாள். நர்ஸ் நகர்ந்ததும் மறுபடி ஆரம்பிப்பாள்.

ஒட்டுப் போடப் போகிறார்கள் என்று, மறுபடி ஓடி வந்த மகள் எடுத்துச் சொன்னபோது இவள் டாக்டரிடமே கேட்டாள். "ஏனுங்க டாக்டர், நைஞ்சு போன துணீல தையலு நிக்குமுங்களா?"

"நிக்காதும்மா. அதனாலதான் கிழிசல் ஓரத்துல தைக்க மாட்டோம். தள்ளி நல்ல தசை இருக்கிற இடத்துல தைச்சு, ஒட்டைப் பெரிசா வைப்போம்."

"நல்ல தசை மிச்சமிருக்குதுங்களா?"

"இருக்கும்மா."

"அப்பச் செரி" என்றாள். இரண்டு முழம் ரவிக்கைத் துணி போதுமா என்று கேட்டுக்கொண்டவள் மாதிரி சமாதானமாகிவிட்டாள். சமாதானம் ஆகாதவன் நான்தான்.

ஆபரேஷனுக்கு முந்தின மாலை உள்ளே போனேன். கொஞ்ச நேரம் அவள் காலைப் பிடித்துவிட்டபடி நின்றேன். பிறகு சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. "நீயில்லாம நான் மேல போக மாட்டேன் புள்ள. எனக்கு பயமா இருக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "நீங்க மேல போகாட்டி மொளகை யாரு உள்ள எடுத்து வெக்கறது?" என்றாள்.

ஆபரேஷன் நடந்த நாளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நானும் மகளும் பாயும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பாய் இரண்டு தடவை தொழுதுவிட்டு வந்தார். மகள் டீ வாங்கி வந்தாள், அது ஆறிப்போனது. அறுவை செய்த பெரிய டாக்டர் வெளியே வந்து, "தையல் நின்னிருக்கு. லேசா ஒரு கசிவு இருக்கு, அது போகப்போகப் பார்த்துக்கலாம்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விடச் சொல்லி மகள் என் முதுகைத் தட்ட வேண்டியிருந்தது.

வீட்டுக்கு அனுப்பியும் இவளால் வீட்டுக்கு வர முடியவில்லை. அடிக்கடி வந்து காட்ட வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றுவிட்டார்கள். சித்திரை மாதம் முழுவதும் சேலத்தில், அதுவும் அண்ணன் வீட்டில். எந்தச் சூட்டை வாழ்நாளெல்லாம் திட்டினாளோ அந்தச் சூட்டிலேயே தேறினாள். அதை நான் சொல்லிக் காட்டினேன். "தேறுனது தையலுனாலங்க, சேலத்துனால இல்லை" என்றாள். நெஞ்சில் நீளமாகத் தையல். இருமும்போதும் சிரிக்கும்போதும் அணைத்துப் பிடித்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை கொடுத்திருந்தார்கள். அதை இடுக்கிக்கொண்டு கூடத்தில் மெதுவாக நடப்பாள். கொஞ்சம் வேகமாக நடந்தால் நான் கத்துவேன். மச்சான் வீட்டில் என் சத்தம் பழகிப்போய் யாரும் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

கடைசியாக டாக்டர், மேலே போகலாம் என்று சொன்னார். பாய் வேனைக் கழுவி, உள்ளே ஊதுபத்தி ஏற்றிக்கொண்டு வந்தார். முந்தின நாள் கோடை மழை பெய்திருந்தது. மலை பச்சையாகத் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. நடு சீட்டில் அவள், தலையணையை அணைத்துக்கொண்டு. பக்கத்தில் நான். மடியில் அதே பை, மேலாக அதே அரக்குக் கலர் ஸ்வெட்டர். வழி நெடுக மூச்சைக் கவனித்துக்கொண்டே வந்தேன். நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் மனைவியின் குழம்பைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்த வளைவு திரும்பினோம். மழைக்குப் பிந்திய காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. பாய் கண்ணாடியை ஏற்றினார். குழம்பைப் பற்றிய பேச்சு நின்றது. நான் ரோட்டைப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன்.

கை அசையவில்லை.

கொஞ்சம் பொறுத்தேன். ஜன்னலுக்கு வெளியே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை பையின் மேல் செத்தாற்போல் கிடந்தது. தையல் விட்டுவிட்டது, லேசான கசிவு என்றாரே, அது பெரிசாகிவிட்டது என்றெல்லாம் மனசு ஓடியது.

"பாய், நிறுத்துங்க! வண்டியத் திருப்புங்க!"

பாய் போட்ட பிரேக்கில் நாங்கள் எல்லோரும் முன்னால் குலுங்கினோம். நான் கதவைத் திறந்து இறங்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் இவள் தலையணையை நெஞ்சோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, சிரிக்கிறாள். சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணீர் வழிகிறது.

"அந்த டாக்டரு எல்லாத்தையுஞ் சொல்லிட்டாருங்க" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. விளையாடுகிற விஷயமா இது, என் உயிர் போய்விட்டது, உனக்கு அறிவு இருக்கிறதா என்று கத்தினேன். டாக்டரையும் சேர்த்துத் திட்டினேன். கத்தி முடித்ததும் அப்படியே சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவள் நான் ஓயும்வரை காத்திருந்தாள்.

"எப்ப வண்டீல வந்தாலும் நீங்க ரோட்டையேதானுங்க பாத்துட்டு வருவீங்க. எம்பக்கம் திரும்பவே மாட்டீங்க. நானும் இத்தன வருசமா, பொண்டாட்டி ஒருத்தி பக்கத்துல குக்கியிருக்கறதே இந்த மனுசனுக்கு ஞாபகமில்லைன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள். "டாக்டரு சொன்னப்ப நம்பவே முடியலீங்க. நெசமாலுமே பாக்கறீங்களான்னு ஒருக்காப் பாத்துரோணும்னு இருந்துச்சு."

பாய் முன்கண்ணாடியை ஒரு துணியால் விழுந்து விழுந்து துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அழுக்கே இல்லை.

"குளிருதுங்க" என்றாள். "எனக்கு இன்னுங் கையத் தூக்க முடியாது. நீங்களே போட்டு உடுங்க."

பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தேன். முதலில் வலது கையை மெதுவாக நுழைத்து, முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, இடது கையை நுழைத்தேன். தையல் இருக்கும் இடத்தில் படாமல், கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட ஆரம்பித்தேன். பின்னால் கார்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. அடிக்கட்டும் என்று கடைசிப் பொத்தான் வரைக்கும் போட்டுவிட்டேன்.